மெட்டி விரலை வெட்டச் சொன்னார்கள்

1. வெள்ளிக்கிழமைக்குள் பதில்

ஏகாம்பரத்தின் வலது காலில், கட்டை விரலுக்கு அடுத்த விரலை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று கம்பெனி டாக்டர் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அடுத்து வெள்ளிக்கிழமை வருவார். அதற்குள் ஏகாம்பரம் சம்மதித்துக் கைநாட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். டிக்கெட் என்பது ஒவ்வொரு ஆளுக்கும் கொடுத்திருந்த, நம்பர் போட்ட பித்தளை வில்லை. அது கையை விட்டுப் போனால் வேலை போயிற்று என்று அர்த்தம்.

நான் அங்கே டிரஸ்ஸர். புண்ணைக் கழுவுவது, மருந்து வைப்பது, கட்டுப் போடுவது, டாக்டர் கத்தியை எடுத்தால் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது, இவைதான் என் வேலை. திருவொற்றியூர் போகும் சாலையில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதை ஒட்டிய காலம். இப்போது தொழிற்சாலை டிஸ்பென்சரிகளில் சேருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன். இத்தனை வருஷமாகியும் எனக்கு அந்தக் கோபம் தணியவில்லை. தணிய வேண்டிய காரணமும் தெரியவில்லை.

ஏகாம்பரம் ராயபுரத்து ஆள். உருகிய இரும்பைப் பெரிய கரண்டியில் இன்னொரு ஆளோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு போய் அச்சில் ஊற்றுகிற வேலை. அந்தக் கூடத்தில் பூட்ஸ் இல்லாமல் நுழையக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வெறுங்காலில் இரும்புக் குழம்பு தெறித்தால் என்ன ஆகும் என்று கட்டுப் போட்ட எனக்குத் தெரியும். நான் குறை சொல்வது அவர்கள் கொடுத்த பூட்ஸை.

அவருடைய அந்த விரல் நடு மூட்டில் குடிசைக் கூரை போல மேலே புடைத்து, நுனி கீழே குத்திக்கொண்டு நின்றது. டாக்டர்கள் இங்கிலீஷில் ‘ஹாமர் டோ’ என்பார்கள், சுத்தியல் விரல். புடைத்த மூட்டு பூட்ஸின் மேல்தோலில் தினமும் உராய்ந்து, முதலில் கால் ஆணி விழுந்து, பிறகு ஆணி பிளந்து, சீழ் வைத்துவிட்டது. கட்டை அவிழ்த்தால் நாற்றம் அடித்தது.

டாக்டர் போன பிறகு ஏகாம்பரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

“மெட்டி வெரல வெட்டிட்டா நட வந்துருமா நைனா?” என்று கேட்டார். பெண்கள் மெட்டி போடுகிற விரல் என்பதால் எங்கள் பக்கத்தில் அதற்கு அந்தப் பெயர்.

“நீ என்ன நினைக்கிறே?”

“நான் இன்னாத்த நெனக்கிறது? வெட்னா வெரலு போவுது, வெட்டாட்டி வேலை போவுது. வூட்ல மூணு புள்ளைங்க கீதுங்க. வெரலா வேலையான்னு கேட்டா, வெரலத்தான் குடுக்கணும்.”

நான் சீழைத் துடைத்தேன். வெட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

2. கோவிந்தனுக்கு நாங்கள் செய்தது

அதற்கு மூன்று வருஷம் முன்னால் கேட் வாட்ச்மேன் கோவிந்தனுக்கு இதே விரல், இதே கோணல். இதே டாக்டர் வெட்டினார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். புண் பத்து நாளில் ஆறிவிட்டது. டாக்டர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விரலை எடுத்த இடம் காலியாக இருக்குமா? இருக்காது. கட்டை விரல் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலி இடத்தை நோக்கிச் சாய்ந்தது. அது சாயச் சாய, அதன் அடிமூட்டு வெளியே பிதுங்கி, எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி நின்றது. முன்பு ஒரு விரலில் இருந்த வலி இப்போது பாதி காலுக்குப் பரவியது. வாட்ச்மேனுக்கும் பூட்ஸ் கட்டாயம். ஒரு வருஷத்துக்குள் கோவிந்தனால் பூட்ஸில் கால் நுழைக்கவே முடியவில்லை. அதே டாக்டர் ‘வேலைக்குத் தகுதியற்றவர்’ என்று எழுதிக் கொடுத்தார். எழுதின பேனாவுக்கு மை நிரப்பி வைத்தவனும் நான்தான்.

கோவிந்தன் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. போகும்போது என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதுதான் வெள்ளிக்கிழமை மறுபடி நடக்கப் போகிறது.

3. காதர் பாய் எடுத்துக் காட்டிய கட்டை

புதன்கிழமை ஏகாம்பரத்தை டிஸ்பென்சரிக்குக் கூப்பிட்டேன். முதலில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். பிள்ளைகளே, இதை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். ஆளை உட்கார வைத்து, விரல்களுக்குக் கீழே இருக்கும் சதைப் பகுதியை உங்கள் கைக் கட்டை விரலால் மேல்நோக்கி அழுத்துங்கள். மடங்கின விரல் தானாக நிமிர்ந்தால் மூட்டு இன்னும் இறுகவில்லை, காப்பாற்றலாம். கல் போல அசையாமல் நின்றால் காலம் தாண்டிவிட்டது. ஏகாம்பரத்தின் விரல் முழுதாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி நிமிர்ந்தது. இந்த விரலைத்தான் வெட்டச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே பார்த்துச் சொல்லிவிட்டார்.

பிறகு மருந்துக் கட்டு வந்த பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்து, அவரை நிற்கவைத்து, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்தேன். அந்தக் காகிதத்தையும் அவருடைய பூட்ஸையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வண்ணாரப்பேட்டைக்கு, காதர் பாய் கடைக்குப் போனேன். துரைமார்களுக்கு அளவெடுத்து பூட்ஸ் தைப்பவர் அவர்.

பாய் பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவினார். காகிதத்தைப் பார்த்தார். பூட்ஸைத் தூக்கிக் காகிதத்தின் மேல் வைத்தார். வரைந்த கோடு முன்னாலும் இரண்டு பக்கத்திலும் வெளியே தெரிந்தது.

“இது ஏழு நம்பர் தம்பி. இந்தாளு காலு எட்டரைக்குக் கொறையாது. அகலம் அதுக்கும் மேல. இதுக்குள்ள எத்தினி வருசமா கால வெச்சிகினு இருந்தான்?”

“நாலு வருஷம்.”

“நாலு வருசமா? யா அல்லா! மாட்டுக்கு லாடம் அடிக்கிறவங்கூட குளம்பு அளவு பாப்பானே தம்பி!”

எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். துரைமார் ஒவ்வொருவர் காலைப் போலவும் செதுக்கின மரக்கட்டைகள் அதில் வரிசையாக இருந்தன. அந்தக் கட்டையின் மேல் தோலை இழுத்துத்தான் பூட்ஸ் தைப்பார்கள். அதில் ஒரு ஜோடியை எடுத்து என் கையில் கொடுத்தார். வலது கட்டையில், கட்டை விரல் மூட்டு வரும் இடத்தில், தோல் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிப் புடைக்க வைத்திருந்தார்.

“இது உங்க கம்பெனி பெரிய துரை காலு. அவுருக்கு அந்த மூட்டு பிதுங்கிகினு கீது. அதுக்குத்தான் இந்த எடத்துல தோல வெச்சி ஒசத்திகிறேன். பூட்டு அந்த எடத்துல படவே படாது. பஞ்சு மேல நடக்குறாப்ல நடப்பாரு.”

கோவிந்தனை வீட்டுக்கு அனுப்பிய அதே மூட்டு. துரைக்கு வந்தால் மரக்கட்டையைத் திருத்துகிறார்கள், கோவிந்தனுக்கு வந்தால் கோவிந்தனைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இந்தக் காகிதத்தில் எழுதினால் அச்சுக்கு ஆகாது.

4. ஸ்டோர் ஜன்னலில் அளவு எடுத்த விதம்

எட்டரை நம்பர் காலுக்கு ஏழு எப்படிப் போனது? அதைப் பார்க்க வியாழக்கிழமை காலையில் ஸ்டோருக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஆட்களுக்கு அன்று பூட்ஸ் கொடுத்தார்கள்.

ஸ்டோர் குமாஸ்தா கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே சிமென்டுத் தரையில் சுண்ணாம்பால் கோடுகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நம்பர். ஆள் குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கட்டை விரல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் பூட்ஸ் நம்பர். குமாஸ்தா வெளியே வரமாட்டார். கூலி ஆள் காலைத் தொட்டால் அவருக்குத் தீட்டு. உள்ளே இருந்து எட்டிப் பார்த்து “ஏழு!”, “ஆறு!” என்று கத்துவார்.

அகலத்தை யாரும் கேட்கவில்லை. மெட்டி விரல் கட்டை விரலைவிட நீளமாக இருந்தால் என்ன செய்வது என்றும் யாரும் கேட்கவில்லை. ஏகாம்பரத்துக்கு அது கால் அங்குலம் நீளம். இது மட்டும் என்றாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். வந்து நின்ற ஆட்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

ஒவ்வொருவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்கள். தோளோடு சேர்ந்து கால் விரல்களையும் உள்ளே மடக்கிக்கொண்டார்கள். பெரிய மனிதர் முன்னால் காலைப் பரப்பிக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்று பிறந்ததிலிருந்து ஊறின பழக்கம். பத்துப் பேரில் ஒருவர்கூட விரலை நீட்டி நிற்கவில்லை. குமாஸ்தா அளந்தது அவர்கள் காலை அல்ல, அவர்கள் பயத்தை.

பூட்ஸ் வாங்கிக்கொண்டு வந்த ஒருவரை ஓரமாக அழைத்து, வேறு சுவர் ஓரத்தில் சாதாரணமாக நில்லப்பா என்று சொல்லி, ஜன்னல் கோடுகளின் தூரத்தை நூலால் அளந்து வைத்துப் பார்த்தேன். ஆறு நம்பர் கால் ஏழைத் தாண்டிப் போனது.

குமாஸ்தாவிடம் போய்ச் சொன்னேன்.

“அதுக்கு என்னைய என்ன பண்ணச் சொல்றீர்? ஒவ்வொருத்தன் காலையும் மடியில எடுத்து வச்சு அளக்கணுமோ? அந்தப் புண்ணியமெல்லாம் டிரஸ்ஸர் கணக்குல இருக்கட்டும். எனக்கு வேண்டாம்” என்றார்.

“பூட்ஸ் இறுக்குதுன்னு யாராவது வந்து சொன்னா மாத்திக் கொடுக்கலாமில்லே?”

“யாரும் வந்து சொல்றதில்லையே!”

அதுவும் உண்மை. சாயங்காலம் ஏகாம்பரத்தைக் கேட்டேன், நாலு வருஷமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று.

“அதுக்கு மின்ன பூட்டு போட்டிருந்தாத்தான நைனா தெரியும்? பூட்டுன்னா இப்டித்தான் இறுக்கும் போலன்னு நெனச்சிகினேன். அல்லாரும் நொண்டிகினுதான போறாங்கோ.”

5. துரை அறையில்

வெள்ளிக்கிழமை டாக்டரும் பெரிய துரையும் சேர்ந்தே இருந்தார்கள். சம்மதக் காகிதம் மேஜை மேல் இருந்தது. பக்கத்தில் கைநாட்டுக்கு மைப்பெட்டி. ஏகாம்பரம் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே, “வெச்சிட்றேன் சாமி” என்று கைக் கட்டை விரலை நீட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

நான் மைப்பெட்டியை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அப்படிச் செய்வேன் என்று நானே நினைக்கவில்லை.

“என்னய்யா இது? நீ டிரஸ்ஸரா, டாக்டரா?” என்றார் டாக்டர்.

“டிரஸ்ஸர்தான். கோவிந்தன் விரலை எடுத்தப்போ தட்டைப் பிடிச்ச டிரஸ்ஸர். இன்னொரு தடவை பிடிக்க என்னால முடியாது” என்றேன்.

துரை பேசியது இங்கிலீஷில். நானும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசினேன். தமிழில் எழுதுகிறேன்.

“இரண்டு நிமிஷம் கொடுங்கள், உங்கள் ஸ்டோரில் எப்படி அளக்கிறார்கள் என்று காட்டுகிறேன்” என்றேன். காகிதத்தைத் தரையில் விரித்தேன். ஏகாம்பரத்தின் இடது பூட்ஸை அதில் வைத்து அடியைச் சுற்றிக் கோடு வரைந்தேன். பூட்ஸை எடுத்துவிட்டு, புண் இல்லாத அந்த இடது காலை அங்கே வைக்கச் சொன்னேன். துரை முன்னால் நிற்கிற மனுஷன் வேறு எப்படி வைப்பார்? விரலை மடக்கிக்கொண்டுதான் வைத்தார். கால் கோட்டுக்குள் அடங்கியது.

“சரியாகத்தானே இருக்கிறது!” என்றார் துரை.

“ஏகாம்பரம், விரலை நீட்டுப்பா.”

“தொர மின்னாடி எப்டி நைனா?”

“நீட்டு. உன் காலு உனக்கு வேணும்னா நீட்டு.”

மெதுவாக நீட்டினார். கட்டை விரல் கோட்டைத் தாண்டி வந்தது. மெட்டி விரல் அதையும் தாண்டி வந்தது. சுண்டு விரல் பக்கவாட்டில் வெளியே விழுந்தது.

முதலில் சுதாரித்தவர் துரைதான். “இவர்கள் செருப்பில்லாமல் நடந்து வளர்ந்தவர்கள். கால் பரந்து கோணலாகத்தான் இருக்கும். பூட்ஸ் என்ன செய்யும்?” என்றார்.

“துரை அவர்களுக்கும் வலது கட்டை விரல் மூட்டில் பிதுக்கம் இருக்கிறது. பூட்ஸைப் புடைக்கத் தைத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள். யாரும் உங்களுக்குக் கத்தி எடுக்கவில்லை” என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. “யார் சொன்னது உனக்கு?”

பாயைக் காட்டிக் கொடுப்பேனா? “நடையைப் பார்த்தாலே தெரியும் துரை. வருஷக் கணக்காகக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். துரை மேஜைக்கு அடியில் தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு சம்மதக் காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். “அந்த ஆளுக்குப் பெரிய பூட்ஸ் கொடு. நீ இனிமேல் கூப்பிட்டால் மட்டும் இந்த அறைக்கு வா” என்றார். மறுநாள் ‘மேலதிகாரிகள் முன் அடக்கம் தவறியதற்காக’ எனக்கு மெமோ வந்தது. பத்திரமாக வைத்திருந்தேன். என் வேலையில் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

6. விரல் நேரான விதம்

பெரிய பூட்ஸ் வருகிற வரைக்கும் ஏகாம்பரத்தைக் கரி அள்ளும் இடத்துக்கு மாற்றினார்கள். தினமும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைத்தேன். புண் ஆறினதும் கம்பளித் துணியில் வளையம் வெட்டி மூட்டைச் சுற்றி ஒட்டினேன். மூட்டு நடுவில் ஓட்டைக்குள் இருக்கும், தோல் அதில் படாது. பிறகு ஒட்டுப் பிளாஸ்திரியை மெட்டி விரல் மேலாகவும் பக்கத்து விரல்களுக்கு அடியாகவும் கொண்டுபோய், விரலைக் கீழே இழுத்துக் கட்டினேன். காலையும் மாலையும் கையால் விரலை நீவி நிமிர்த்தச் சொல்லிக் கொடுத்தேன். அவர் வீட்டுக்காரி கண்ணம்மா அதை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. நாலு மாதத்தில் விரல் படிந்தது. முழுசாக நேராகவில்லை, ஆனால் வலி இல்லை.

கால் ஆணியைச் செதுக்கித் தருகிறேன் என்று பிளேடோடு வந்த ஆட்களை நான் விரட்டியிருக்கிறேன். நீங்களும் விரட்டுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர் காலில் அந்தப் பிளேடு பட்டால் விரலோடு நிற்காது. நகத்தை மூலையில் வளைத்து வெட்டாமல் நேராக வெட்டச் சொல்லுங்கள். பூட்ஸ் அளவைச் சாயங்காலம் எடுங்கள், அப்போதுதான் கால் வீங்கி முழு அளவில் இருக்கும். ஆளை நிற்க வைத்து அளந்து பாருங்கள், இரண்டு காலையும் பாருங்கள். முக்கியமாக, குனிந்து உங்கள் கையால் அந்தக் காலைத் தொடுங்கள். குனிய முடியாதவருக்கு இந்த வேலை வேண்டாம்.

அதன் பிறகு கம்பெனி அகலமான பூட்ஸ் வரவழைத்தது. எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, கேட்டில் அந்த நோட்டீஸ் ஒட்டப்படுகிற வரைக்கும். வேலை விட்டு ஆட்கள் வெளியே வருகிற நேரம். ஏகாம்பரம் புது பூட்ஸோடு நொண்டாமல் வந்து என் பக்கத்தில் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

“இன்னா போட்டுகிறான் நைனா? நம்ம பூட்டு சமாச்சாரமா?”

படித்தேன். “பிறவியிலேயே கால் விரல்கள் கோணலாக அமைந்த தொழிலாளர்களுக்கு, கம்பெனியின் தயவால் விசேஷ அளவு பூட்ஸ் வழங்கப்படும்.”

அவர் நோட்டீஸைப் பார்த்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. விரலை வெட்டச் சொன்னபோதுகூடக் கோபப்படாதவர்.

“பொறவியிலயா? எங்கம்மா என்னிய நல்லாத்தான் பெத்துச்சு நைனா! பத்து வெரலும் நேராத்தான் இருந்துச்சு. இவனுங்க பூட்டுல கோணினதுக்கு எங்கம்மா மேல ஏன் பழி போட்றான்?”

அன்றிலிருந்து கோணல் விரலோடு யார் வந்தாலும், வலி எத்தனை நாளாக என்று கேட்பதற்கு முன்னால், இந்த பூட்ஸைப் போடுவதற்கு முன் விரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். நீங்களும் அதையே கேளுங்கள். வந்த பதிலை நோட்டில் எழுதும்போது, செய்தவன் பெயரை எழுத உங்களுக்குத் தைரியம் இல்லாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பெற்றவள் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.